பழஞ் சாக்சபோன்: வரலாறும் புதுக்கமும்

சாக்சபோன் என்னும் ஊதுகருவியை எம்மவரிற் பலர் கத்ரி கோபால்நாத் (1949–2019) என்னும் வித்துவான் வாயிலாகவே அறிந்தனர். தென்கன்னட மாவட்டத்தில் நாதசுரக் கலைஞர் ஒருவரின் மகனாய்ப் பிறந்த அவர், மைசூர் அரண்மனைப் பாண்டு வாத்தியத்தில் இக்கருவியின் ஒலியைக் கேட்டு அதன்மேற் காதல் கொண்டார். மேனாட்டுக் கருவியெனப் பலரும் ஒதுக்கியதிற் கருநாடக இசையின் கமகங்களை எழுப்பிக் காட்டினார். 1994இல் வெளிவந்த ‘டூயட்’ என்னும் திரைப்படத்தின் பின் அவ்வொலியைக் கேளாத தமிழ் வீடு அரிது எனலாம். ஆயினும் அவர் கையிலிருந்த கருவி எங்கே, யாரால், எக்காலத்துச் செய்யப்படலாயிற்று என்பதை ஆராய்ந்தோர் எம்மிடைச் சிலரே. அதனினும் சிலரே அறிந்த செய்தி ஒன்றுண்டு. மேனாடுகளில் இக்கருவியை வாசிப்போரிற் கணிசமானோர் புதிய கருவியை விடுத்து, எழுபது, எண்பது, நூறு ஆண்டு பழமையானவற்றைத் தேடி வாங்கிப் புதுக்கி வாசிக்கின்றனர்.

பித்தளைக் குழாய் ஒன்றன்பால் இத்துணை மதிப்பு ஏன்? வாங்கியபின் அதில் எதனைப் புதுக்கலாம், எதனைத் தொடலாகாது? இவை கம்மியரை வினவ வேண்டிய வினாக்கள் போலத் தோன்றினும், இவற்றுக்குரிய விடைகள் கருவியின் சரித்திரத்திலேயே பொதிந்து கிடக்கின்றன. சரித்திரம் அறியாது வாங்கினோர் பணத்தை இழந்தனர். சரித்திரம் அறியாது புதுக்கினோர் கருவியையே இழந்தனர். முன்னையது ஈடு செய்யக்கூடிய இழப்பு, பின்னையது அவ்வாறன்று.

இக்கருவி தன்னை ஆக்கியவன் பெயராலேயே வழங்குவது. அந்துவான் யோசெப் சாக்ஸ் என்பது அவன் இயற்பெயர். அடொல்ப் சாக்ஸ் என்பதே உலகறிந்த பெயர். இன்றைய பெல்ஜியத்திலுள்ள டினான் என்னும் ஊரில் 1814ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் பிறந்தான். தந்தையும் இசைக்கருவி செய்பவர். மைந்தன் இளமையிலேயே தந்தையின் தொழிற்சாலையிற் பயின்று, 1838இல் தாழ்சுரக் கிளாரினெற்றைத் திருத்தி அமைத்து ஆக்கவுரிமை பெற்றான். 1842இற் பாரிசு நகரம் புகுந்தான். அவ்வாண்டிலேயே பெர்லியோஸ் என்னும் பெருங் கலைஞர் இப்புதிய கருவியைப் பத்திரிகையிற் பாராட்டி எழுதினார். 1846இல் சாக்சபோனுக்கான பிரெஞ்சு ஆக்கவுரிமை கிடைத்தது.

அவன் கண்ட புதுமை யாது? கிளாரினெற் உருளை வடிவான துளையுடையது. ஆதலின் மூச்சை மிகுத்து ஊதும்போது அதன் ஒலி பன்னிரண்டாஞ் சுரத்துக்குத் தாவும். சாக்ஸ் கூம்பு வடிவான உலோகக் குழாயில் ஒற்றைச் சீவாளியைப் பொருத்தினான். கூம்பாதலின் ஒலி சரியாக அடுத்த தாயிக்குச் செல்லும். இரு தாயிகளிலும் விரல்கள் ஒரே முறையில் அமையும். எமது நாதசுரமும் கூம்புக் குழாயே. அதன் அனசு போலவே சாக்சபோனின் அடிவாயும் விரிந்திருக்கும். ஆனால் நாதசுரத்தின் சீவாளி இரட்டை, இதன் சீவாளி ஒற்றை. உடல் பித்தளையாயினும், சீவாளியால் ஒலிப்பதால் இசைநூலார் இதனை மர ஊதுகருவிகளோடு சேர்த்தே எண்ணுவர்.

இக்கூம்பைப் பற்றி ஒரு நுட்பத்தை இங்கே குறித்துக்கொள்ளுதல் நன்று. கூம்பு முழுமையாயின் ஒரு புள்ளியில் முடிதல் வேண்டும். அப்புள்ளியில் வாய்வைத்து ஊத இயலாது. ஆகவே கூம்பின் நுனி வெட்டப்பட்டு, அவ்விடத்தில் ஊதுவாய் செருகப்படுகின்றது. வெட்டுண்ட நுனியின் கொள்ளளவு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு வெற்றிடம் ஊதுவாயினுள் இருந்தாற்றான் சுருதி ஒழுங்காக நிற்கும். இந்நுட்பத்தை அறியாமையே பழைய கருவிகள் மீது சுமத்தப்பட்ட பல பழிகளுக்குக் காரணமாயிற்று. அதனைப் பின்னர் காண்போம்.

சாக்சின் வாழ்வு இன்பமாக முடியவில்லை. 1845இல் பாரிசு நகர்த் திடலிற் பழைய முறைப் பாண்டு ஒன்றுக்கும் அவன் கருவிகள் கொண்ட பாண்டுக்கும் நிகழ்ந்த போட்டியில் அவன் பக்கமே வென்றது. படைப் பாண்டுகளில் அவன் கருவிகள் இடம்பெற்றன. அதனாற் பொறாமை கொண்ட பிற தொழிலாளர் வழக்கின்மேல் வழக்குத் தொடுத்தனர். 1852, 1873, 1877 ஆகிய ஆண்டுகளில் மும்முறை கடனிறுக்க இயலாதவனாய் முறிந்தான். பாரிசுச் சங்கீதக் கல்லூரியில் 1857இல் அவன் தொடங்கிய சாக்சபோன் வகுப்பும் 1870இல் நின்றுபோயிற்று. 1894இல் வறியவனாய் இறந்தான். அவன் தொழிற்சாலையில் ஆன கருவிகள் இன்று பெரும்பாலும் நூதனசாலைகளுக்கே உரியன. அக்காலக் கருவியில் மேல் தாயிக்குரிய சாவிகள் இரண்டு. பெருவிரல் அவற்றை மாறி மாறித் தேடி அழுத்துதல் வேண்டும். பின்னாளிற் கருவியே தானாக மாற்றிக்கொள்ளும் ஒற்றைச் சாவி வந்தது. ஆதலால் இரட்டைச் சாவி கண்ட கருவியை வாசிக்கும் நோக்கத்தோடு வாங்குதல் கூடாது. பேணும் நோக்கத்தோடு வாங்குவது வேறு.

1866இல் ஆக்கவுரிமைக் காலம் முடிந்ததும் கருவி பிறர் கைக்குச் சென்றது. அது பேருருக் கொண்டது பிறந்த மண்ணில் அன்று. ஐக்கிய அமெரிக்காவில், இந்தியானா மாநிலத்து எல்க்ஹார்ட் என்னும் சிற்றூரில். அங்கே கொன் என்பாரின் தொழிற்சாலையில் 1880களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சாக்சபோன்கள் செய்யப்படலாயின. அங்கே பணிபுரிந்த பூஷர் என்பார் பின்னர்ப் பிரிந்து தம் பெயரால் வேறு கொம்பனி தொடங்கினார். மார்ட்டின் கொம்பனியும் அவ்வூரதே. ஒகாயோ மாநிலத்துக் கிளீவ்லண்ட் நகரில் ‘கிங்’ என்னும் பெயருடைய கருவிகள் ஆயின. முதல் உலகப்போரை ஒட்டித் தொடங்கி 1920களில் முற்றிய ஒரு மோகம் அந்நாட்டைப் பிடித்தது. பாடசாலைப் பிள்ளை முதற் கடைச் சிப்பந்தி வரை சாக்சபோன் வாங்கினர். பியானோவுக்கு எழுதிய இசைத்தாளை அப்படியே பார்த்து வாசிக்கத்தக்கதாய் ‘சி-மெலடி’ என்னும் வகை ஒன்று வீடுகளுக்கென்றே பெருந்தொகையாக ஆயிற்று. 1929இன் பொருளாதார வீழ்ச்சியோடு மோகம் தணிந்தது, அவ்வகையும் ஒழிந்தது.

இன்று பழங் கருவிச் சந்தை என்று ஒன்று இருப்பதற்கே அம்மோகந்தான் காரணம். வாங்கிய பலர் ஒன்றிரண்டு ஆண்டு ஊதிப் பார்த்துப் பெட்டியில் இட்டுப் பரணிற் சேர்த்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் அவற்றை எடுத்து விற்றனர். வாசியாது கிடந்த கருவி தேயாது கிடந்தது. சோம்பல் கலைக்கு உதவிய இடங்கள் மிகச் சில. அவற்றுள் இஃது ஒன்று.

இனி, அவ்வாறு கிடைத்த கருவியை இனங்காணும் முறையைச் சிறிது விரித்துக் கூறுவாம். சாசனத்தைப் படிப்பது போல இதனையும் படித்தல் வேண்டும். சாசனத்திற்போலவே இதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு.

கொன் கொம்பனியின் கருவிகள் பலவற்றின் முதுகில், தொடர் இலக்கத்துக்கு மேல், ‘1914 டிசம்பர் 8’ என்னும் திகதியும் 1119954 என்னும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். இதனைக் கண்டோர் கருவி 1914ஆம் ஆண்டினது என முடிவு செய்து விடுகின்றனர்; விற்போரும் அவ்வாறே கூறி விற்கின்றனர். உண்மையில் அத்திகதி ஓர் ஆக்கவுரிமையின் திகதி. முற்காலத்திற் சுரத்துளைகளின் விளிம்புகளைத் தனி வளையங்களாகச் செய்து பற்றாசு வைத்து உடலில் ஒட்டினர். உடலின் உலோகத்தையே உள்ளிருந்து வெளியே இழுத்து விளிம்பாக்கும் முறைக்கு அந்நாளில் உரிமை வழங்கப்பட்டது. அம்முறையாற் செய்த கருவிகளிற் பல ஆண்டுகளாக அதே திகதி பொறிக்கப்பட்டு வந்தது. ஆகவே அது தரும் செய்தி ‘1914க்கு முற்பட்டதன்று’ என்பது மாத்திரமே. கருவியின் ஆண்டைத் தொடர் இலக்கத்தால் அறிதல் வேண்டும். இலக்கங்களை ஆண்டுகளோடு பொருத்திய பட்டியல்கள் உள. அவையும் ஓரிரு ஆண்டு முன்பின்னாகவே கொள்ளத்தக்கன. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா புகுந்தபின், 1942 முதல் இத்தொழிற்சாலைகள் போர்த் தேவைக்கான கருவிகள் செய்யத் திருப்பப்பட்டமையால், ‘1943இல் ஆனது’ என்று சொல்லி ஒருவர் அமெரிக்கக் கருவியை விற்க வந்தால் ஐயுறுதல் தகும்.

இதனினும் முக்கியமானது சுருதிக் குறி. 19ஆம் நூற்றாண்டில் நாட்டுக்கு நாடு, பாண்டுக்குப் பாண்டு சுருதி வேறுபட்டது. பிரான்சு 1859இற் சட்டத்தால் ‘ஏ’ என்னும் சுரத்துக்கு 435 அதிர்வு என வகுத்தது. அமெரிக்கப் பாண்டுகளிலோ ஏறத்தாழ 457 அதிர்வுள்ள உயர்சுருதி வழங்கிற்று. பின்னர் 440 என்பது பொதுவாயிற்று. 1939இல் இலண்டனிற் கூடிய மாநாடு அதனை உறுதி செய்தது. இம்மாற்றக் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் இருவகைக் கருவிகளையும் செய்து, தாழ்சுருதிக்கு ‘எல்’ என்றும் உயர்சுருதிக்கு ‘எச்’ என்றும் பொறித்தன. சில கொம்பனிகள் முழுச் சொல்லாகவே பொறித்தன. ‘எல்’ என்பதைக் கண்டு தாழ்ந்த தரம் என்று அஞ்சி விட்டவரும், ‘எச்’ என்பதைக் கண்டு உயர்ந்த தரம் என்று மகிழ்ந்து வாங்கியவரும் உளர். இன்று பிறரோடு சேர்ந்து வாசிக்கப் பயன்படுவது ‘எல்’ குறியுடையதே.

உயர்சுருதிக் கருவியைத் திருத்திக்கொள்ள இயலாதோ எனின், இயலாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஊதுவாயை வெளியே இழுத்தாற் சுருதி இறங்கும்; ஆனால் எல்லாச் சுரமும் ஒரேயளவில் இறங்கா. குழாயின் மேற்பகுதியில் ஒலிக்கும் சுரத்துக்குரிய குழாய்நீளம் குறுகியது. அதில் ஒரு விரற்கடை சேர்ந்தால் பெருமாற்றம். அடிச்சுரத்தின் குழாய்நீளம் மிகுதி. அதே விரற்கடை அங்கே சிறுமாற்றம். ஒன்றைத் திருத்தப் பிறிதொன்று கெடும். துளைகள் யாவும் வேறோர் அளவில் இடப்பட்டுவிட்ட கருவி அது. அழகிய வெள்ளிப்பூச்சும் பூவேலைச் செதுக்கலும் உடைய உயர்சுருதிக் கருவிகள் இக்காரணத்தால் இன்றும் மலிவாக விற்கின்றன. பிரித்தானியப் படைப் பாண்டுகளும் 1920களின் இறுதிவரை 440இனும் உயர்ந்த சுருதியையே கையாண்டமையால், அவர் ஆட்சிக்குட்பட்டிருந்த எம்போன்ற நாட்டார் பழம் பாண்டுக் கருவியைக் காணும்போது இதனை மறத்தலாகாது.

‘சி-மெலடி’ வகையும் இவ்வாறு ஏமாற்றுவது. தோற்றத்தில் அல்ற்றோவுக்கும் தெனருக்கும் இடைப்பட்டது. பழகாத கண்ணுக்குத் தெனர் போலவே தோன்றும். வீட்டில் தனித்து இன்புறுவார்க்குக் குறைந்த விலையில் நல்ல கருவி. கோஷ்டியில் வாசிப்பார்க்குப் பயன் குறைவு. மற்றொரு வகை, பெருங் கொம்பனி செய்து வேறு கடைக்காரர் பெயர் பொறித்து விற்றவை. பெயரைப் பார்த்தால் ஒருவரும் அறியாதது. உடலைப் பார்த்தால் கொன் அல்லது மார்ட்டினின் கைவேலை. பெயருக்கு விலை கொடாது பொருளுக்கு விலை கொடுக்க விரும்பும் ஏழை மாணவனுக்கு இவற்றையே யான் பரிந்துரைப்பேன்.

பெயருக்கு விலை கொடுக்கும் வழக்கத்தின் உச்சத்தைக் காண வேண்டுமாயின் மீண்டும் பாரிசுக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே 1885இல் நிறுவப்பட்ட செல்மர் கொம்பனி, 1921இன் இறுதியில் தன் முதற் சாக்சபோனை வெளியிட்டது. 1920களின் இறுதியில் அடொல்ப் சாக்சின் வழிவந்த தொழிற்சாலையையும் வாங்கிக்கொண்டது. 1930களின் நடுப்பகுதியில் அது செய்த மொடலில், அடிச்சுரங்களுக்குரிய பெருஞ் சாவிகள் யாவும் வலப்பக்கத்தில் அமைக்கப்பட்டு, விரலுக்கு மிக எளியவாயின. அவ்வமைப்பே பின்வந்தோர் அனைவருக்கும் மாதிரியாயிற்று. 1954இல் வந்தது ‘மார்க் ஆறு’ என்னும் மொடல். அல்ற்றோவும் தெனரும் 1970களின் நடுப்பகுதிவரை ஆயின. ஜோன் கொல்ட்ரேன், சொனி ரொலின்ஸ் போன்ற ஜாஸ் விற்பன்னர் இதனைக் கையாண்டனர். அமெரிக்காவுக்குரியவை பாகங்களாகக் கப்பலேறி எல்க்ஹார்ட்டிற் பொருத்தப்பட்டு, அங்கேயே பூவேலை செதுக்கப்பட்டு லாக்கர் பூசப்பட்டன. ஆதலால் ஒரே மொடல் செதுக்கலாலும் நிறத்தாலும் இருவகைப்பட்டது. இன்று இதன் விலை புதிய கருவியின் விலைக்கு நிகராகவும் மேலாகவும் நிற்கின்றது. அதிலும் தொடர் இலக்கம் ஐந்து தானத்தில் அமைந்தவை, அதாவது ஏறத்தாழ 1962க்கு முற்பட்டவை, தனிமதிப்புப் பெறுகின்றன. ஒரு இலட்சத்தைத் தாண்டிய நாளிற் கருவியின் ஒலி திடீரெனக் கெட்டதென நம்ப யாதொரு நியாயமும் இல்லை. எண்ணின் மயக்கம் அது.

இம்மொடலைப் பற்றி வழங்கும் கதை ஒன்றுண்டு. போர்க்களத்தில் எஞ்சிய பீரங்கிக் குண்டுகளின் பித்தளை உறைகளை உருக்கிச் செய்தமையாற்றான் அதன் ஒலி இனிதாயிற்று என்பர். மனத்தைக் கவரும் கதையே. ஆயினும் ஆதாரம் காட்டினார் எவருமிலர். போர் முடிந்து ஒன்பது ஆண்டின் பின் தொடங்கி இருபது ஆண்டு நீடித்த உற்பத்திக்கு அவ்வுறைகளே போதியனவாயின என்பதும் நம்பத்தக்கதன்று. கூம்பின் அளவும் துளைகளின் இடமும் சாவிகளின் ஒழுங்கும் ஆகிய வேலைத்திறத்தைப் புகழ மனமின்றி உலோகத்தைப் புகழ்வதாகவே இக்கதை எனக்குப் படுகின்றது.

கருவியின் விலை கருவியைச் சாராது அதனை ஏந்திய கையையே சார்ந்த இடமும் உண்டு. இலண்டனில் 1950 அளவிற் கிராப்டன் என்னும் பெயரால் அல்ற்றோ ஒன்று பிளாத்திக்கு உடலோடு வெளிவந்தது. பித்தளைக் கருவியினும் மலிவானது, எளிதில் உடைவது, உடைந்தாற் செப்பனிடத் துணிவார் அரியர். 1953ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் தொரொன்ரோ நகரின் மாசி மண்டபத்தில் சார்ளி பாக்கர் அதனையே வாசித்தார். பாக்கர் இறந்து நாற்பது ஆண்டு நிரம்புமுன், 1994இல் இலண்டன் கிறிஸ்ரி ஏலத்தில் அக்கருவி 93,500 பவுணுக்கு விற்கப்பட்டது. வாங்கியது அவர் பிறந்து வளர்ந்த பகுதியின் கன்சாஸ் நகரம். அங்குள்ள ஜாஸ் நூதனசாலையில் அது வைக்கப்பட்டது. அதனைப் புதுக்கி வாசிக்க வேண்டும் என்று எவரும் கேட்கமாட்டார்.

ஆனால் வாசிப்பதற்கென வாங்கிய கருவி புதுக்கப்படவே வேண்டும். சாக்சபோனின் உறுப்புக்களுள் அழிவதற்கென்றே ஆக்கப்பட்டவை சில. நிலைப்பதற்கென ஆக்கப்பட்டவை சில. சாவிகளின் கிண்ணங்களுள் உள்ள தோல் மெத்தைகள் முன்னையவற்றைச் சார்ந்தன. அட்டையின்மேற் கம்பளி நெருக்கி, அதன்மேல் மெல்லிய ஆட்டுத்தோல் போர்த்திச் செய்யப்படும் இவை இருபதுக்கு மேற்பட்டன ஒரு கருவியில் உண்டு. எச்சில் ஈரத்தால் தோல் இறுகும். அந்துப்பூச்சி கம்பளியைத் தின்னும். மெத்தை சுரத்துளையை முற்றாக மூடாவிடின் காற்றுக் கசியும். ஒரு மயிரிழைக் கசிவும் அடிச்சுரங்களை எழவொட்டாது செய்யும். சாவிகள் மோதுமிடத்து வைத்த தக்கைகளும், சாவியைத் திருப்பித் தள்ளும் ஊசி போன்ற உருக்கு விற்களும் அவ்வாறே காலத்தால் அழிவன. இவற்றைத் தயங்காது மாற்றலாம், மாற்றுதலே முறை.

வேலை செய்யும் ஒழுங்கு இது. முதலிற் சாவிகளைக் கழற்றி, எது எவ்விடத்தது என்பதைக் குறித்து வைத்து, உடலை இளஞ்சூட்டு நீராலும் மென்மையான சவர்க்காரத்தாலும் கழுவுவர். சொட்டை விழுந்த இடங்களை உள்ளே உருக்குக் குண்டுகளை நுழைத்துத் தள்ளி நிமிர்த்துவர். சாவிகளின் அச்சுத் தேய்ந்து ஆடுமாயின் குழலை நெருக்கி இறுக்குவர். அதன்பின்னரே மெத்தை இடுதல். கிண்ணத்தை மெல்லச் சூடாக்கி அரக்கால் மெத்தையை ஒட்டி, சுரத்துளையின் விளிம்பு அதில் வட்டமாகப் பதியுமாறு அமைத்து, இருட்டறையிற் குழாயினுள் சிறு விளக்கை இறக்கிப் பார்ப்பர். ஒளி கசியுமிடத்துக் காற்றும் கசியும். பழைய மெத்தையின் கனத்துக்குப் புதியது ஒத்திருத்தல் வேண்டும். கனம் மிகுந்தாற் கீல்ப்பக்கம் முன்னே தொட்டு எதிர்ப்பக்கம் திறந்து நிற்கும், குறைந்தால் மறுதலையாகும். சாவியை வளைத்துச் சரிக்கட்டுவோர் ஒரு பிழையை மறைக்க மற்றொன்றைப் படைப்பர்.

நிலைப்பதற்கென ஆனவற்றைப் பற்றியே பெரும்பிழை நிகழ்கின்றது. 1940களின் பிற்பகுதிவரை கொன் கொம்பனி தன் முதன்மையான மொடல்களிற் சுரத்துளையின் விளிம்பை வெளிப்புறமாகச் சுருட்டி உருண்டையாக்கிற்று. மெத்தை கிழியாது நெடுநாள் நிற்பதற்கு அது உதவிற்று. ஆண்டுகள் சென்று விளிம்பு மேடுபள்ளமானபோது, சாதாரண விளிம்பை அரத்தாற் சமப்படுத்துவது போலவே இதனையும் சிலர் அராவினர். சுருட்டிய விளிம்பின் உச்சியை அராவினால் உள்ளிருக்கும் வெற்றிடம் திறக்கும். அத்துளை பின் ஒருநாளும் பழைய நிலைக்கு வாராது. கீழிருந்து மெல்லத் தட்டி உயர்த்துதலே உரிய வழி. அதற்கு நாட் செல்லும், பொறுமையும் வேண்டும். பூஷர் கொம்பனி 1920களிற் கிண்ணத்தின் நடுவில் ஒரு சிறு முளையை வைத்து, மெத்தையை அரக்கின்றிப் பொத்தானால் அழுத்திப் பூட்டும் முறையைக் கொண்டுவந்தது. இன்றைய மெத்தையை எளிதாக ஒட்டும் பொருட்டு அம்முளைகளை வெட்டி எறிந்த கம்மியர் பலர். அரைமணி நேர உழைப்பை மிச்சப்படுத்த எண்ணியோர் அக்கொம்பனியின் அடையாளம் ஒன்றையே அழித்தனர். மார்ட்டின் கொம்பனியார் வளையங்களைப் பற்றாசு வைத்தே ஒட்டினர். அவற்றிற் பற்றாசு அரித்துக் கசிவு உண்டாகும். எத்தனை முறை மெத்தை மாற்றினும் அக்கசிவு தீராது. வளையத்தின் அடியைப் பார்த்தாற்றான் தீரும். ஒரு கொம்பனியின் நோய்க்குரிய மருந்து மற்றதற்கு நஞ்சாகும் என்பதை இம்மூன்றும் காட்டும்.

இனி மெருகு. பழங் கருவியை வாங்கியவர் முதலில் விரும்புவது அது பொன்போல் மின்ன வேண்டும் என்பதே. அதற்காக எஞ்சிய லாக்கரை நீக்கி, சுழலும் மெருகுச் சக்கரத்தில் உடலைத் தேய்த்து, புதிதாகப் பூசுவர். சக்கரம் அழுக்கை மட்டும் தேய்க்காது, பித்தளையையும் தேய்க்கும். செதுக்கிய பூக்களின் கூர்மை மழுங்கும். தொடர் இலக்கம் மங்கும். துளை விளிம்புகள் மெலியும். மீளப் பூசியதை அறிய விரும்புவோர் செதுக்கற் கோடுகளை விரலால் தடவுக. கூர்மை இன்றி வழுக்குமாயின், கீறல்களின் மேலேயே லாக்கர் படிந்திருக்குமாயின், ஐயமில்லை. அத்தகைய கருவி அருமையாக ஒலிக்கவுங் கூடும். ஆனால் விலை வெகுவாகக் குறைதல் வேண்டும். வெள்ளி பூசிய கருவி கறுத்திருந்தால் அதுவும் கேடன்று, மென்துணி போதும். ஏட்டுச்சுவடியைப் பரிசோதிப்பவர் செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவாரேயன்றித் தம் சொல்லைப் பெய்து பாட்டை முழுமையாக்க முயலார். பழங் கருவி புதுக்குவார்க்கும் அவ்வடக்கம் வேண்டும். பழைய லாக்கர் பாதி உதிர்ந்து பித்தளை நிறமாறி நிற்பது கருவியின் அகவை, நோய் அன்று.

வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றுட் கழுத்தும் ஒன்று. ஊதுவாயை வன்மையாகச் செருகியும் திருகியும் வந்தமையால் வளைந்த கழுத்துக் கீழ்நோக்கித் தாழ்ந்து, அதன் குறுக்குவெட்டு வட்டமாய் இராது நீள்வட்டமாகும். கூம்பின் மிகக் குறுகிய இடம் அதுவாதலின் அங்கே நேரும் சிறு பிழையும் சுருதியை உலைக்கும். சில கொம்பனிகள் கழுத்திலும் உடலின் இலக்கத்தையே பொறித்தன. ஒத்திராவிடிற் கழுத்து மாறியது என அறிக. உரிய கழுத்தைத் தனியே தேடி வாங்குதல் பெருஞ்செலவு. பொதுவாகவே, வாங்கிய விலையிலும் புதுக்கும் செலவு மிகுதல் இத்துறையிற் புதிதன்று. மலிவு என்று மகிழ்ந்து வாங்குவோர் அவ்விரண்டையும் கூட்டிப் பார்த்த பின்னரே மகிழ்தல் தகும்.

எல்லாம் செவ்வனே முடிந்தபின்னும் சிலர், ‘பழங் கருவி சுருதி சேராது’ என்று குறைகூறி விற்றுவிடுகின்றனர். முன்னே கூம்பின் நுனியைப் பற்றிக் கூறியது இவ்விடத்திற்கே. அடொல்ப் சாக்ஸ் வகுத்த ஊதுவாயின் உட்கூடு பெரிதாகவும் வட்டமாகவும் இருந்தது. 1920களின் ஊதுவாய்களும் அவ்வழியே நின்றன. கூம்பின் இழந்த நுனியை நிரப்பும் அளவு அவற்றுள் இருந்தது. 1930களின் பின் பெருங் கோஷ்டிகளிற் பித்தளைக் கருவிகளின் முழக்கத்தை மீறி ஒலிக்க வேண்டியிருந்தமையால், உட்கூடு குறுகியதும் கூரை உயர்ந்ததுமான ஊதுவாய்கள் எழுந்தன. பின்வந்த கருவிகள் அவற்றுக்கேற்பத் திருந்தின. பழங் கருவியில் இப்புதிய ஊதுவாயைச் செருகினால் மேற்சுரங்கள் ஏறியும் கீழ்ச்சுரங்கள் தாழ்ந்தும் பிணங்கும். பிழை ஊதுவாயினது, பழி கருவிக்கு.

ஆதலாற் பரணிலிருந்து இறக்கிய பெட்டியை வாங்குவோர் கருவியை எடுத்தவுடன் பெட்டியை வீசிவிடலாகாது. அதன் மூலையில், கிழிந்த வெல்வெற்றின் அடியில், பல்லடையாளம் பதிந்து பச்சை பூத்த கரிய ஊதுவாய் ஒன்று பெரும்பாலும் கிடக்கும். வெந்நீர் படாது குளிர்ந்த நீரிற் கழுவிப் புதிய சீவாளி ஒன்றைக் கட்டி, முதலில் அதனோடு ஊதிப் பார்த்த பின்னரே அக்கருவியைப் பற்றித் தீர்ப்புக் கூறுதல் வேண்டும்.